அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

கர்நாடகத்தில் சம்பளம் அதிகம், தமிழ்நாட்டில் செலவு குறைவு. ஆகவே பெங்களூரில் சம்பாதித்து ஓசூரில் குடியிருப்பவனே புத்திசாலி. கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி இந்த உபதேசம் பரிமாறப்படுகிறது. பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வூதியக்காரர்கள். சம்பளச் சீட்டில் ‘பிடித்தம்’ என்ற பத்தியை அவர்கள் பார்த்துப் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

ஒரு பையனுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் பேக்கேஜில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பாயசம். மாதம் 50,000 என்று அம்மா கணக்குப் போட்டுவிடுகிறார். அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் வருங்கால வைப்புநிதிக்கு அவன் பங்கு 12 சதவீதம், அதாவது 3,000. கம்பெனி போடும் 3,000-ம் அந்த 50,000-க்குள்ளேயே அடக்கம். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தால் கிடைக்கப்போகும் பணிக்கொடைக்கு மாதம் 1,200 இப்போதே கழிவு. அப்புறம் ‘வேரியபிள்’ என்று ஒரு 5,000. மேலாளருக்கு மனம் வந்தால் வரும். வரிக்கு முன் கைக்கு வருவது 37,800. (அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.)

இதில் கர்நாடகம் எங்கே, தமிழ்நாடு எங்கே? சம்பளச் சீட்டில் மாநிலத்தின் கைவரிசை என்று பார்த்தால் தொழில்வரி ஒன்றுதான். அரசியல் சாசனத்தின் 276-ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கர்நாடகம் மாதம் 200 பிடித்து, பிப்ரவரியில் மட்டும் 300 பிடித்து, ஒரு ரூபாய் சிந்தாமல் 2,500-ஐ எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் ஆறு மாதத்துக்கு 1,250 வரை எடுக்கின்றன. கூட்டிப் பாருங்கள். காவிரியில் ஒத்துப்போகாதவர்கள் இதில் பைசா பிசகாமல் ஒத்துப்போகிறார்கள்.

மற்ற வித்தியாசமெல்லாம் முதலாளிகள் உபயம். ஓசூரில் அதே வேலைக்கு ஏன் குறைவு என்று கேட்டால், “இங்க செலவு கம்மிதானே சார்” என்கிறார் ஹெச்.ஆர். சரி, பெங்களூரில் செலவு அதிகமாயிற்றே, கூட்டிக் கொடுங்கள் என்றால், “மார்க்கெட் ரேட் இதுதான் சார்.” விலைவாசி என்ற வாதம் சம்பளத்தைக் குறைக்க மட்டுமே செல்லும். வீட்டுக்காரரோ அதைத் திருப்பிப் பிடிக்கிறார்: “பெங்களூர் பக்கத்துலயே இருக்கு, வாடகை அப்படித்தான் இருக்கும்.” ஆக, கம்பெனிக்கு ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது, வீட்டுக்காரருக்குக் கர்நாடகத்தில் இருக்கிறது.

பேக்கேஜ் பையனாவது பரவாயில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பாருங்கள். தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒருவனை எடுத்துவிட்டால் அவன் தொழிலாளியே அல்ல. தருவது சம்பளமல்ல, உதவித்தொகை. வைப்புநிதி கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. இந்தச் சட்ட நுணுக்கம் மிஷினுக்கு மட்டும் புரிவதில்லை. அவன் கைபட்டாலும் முழுத் தொழிலாளி கைபட்ட மாதிரியே ஓடித் தொலைக்கிறது.

அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விடலாமா? போகலாம். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பரம்பரை வழக்கம். 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம். வங்கியில் வட்டிக்கு வாங்கி, வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் தர்மப்பிரபு யாரென்றால், மாதம் 37,800 வாங்கும் நம் பையன். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தண்ணீருக்குத் தனிக் கணக்கு. 2024 மார்ச்சில் லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். குழாயில் தண்ணீர் விட முடியாத அரசு, லாரிக்காரருக்கு விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்தது.

பெண்கள் விஷயத்தில் இரண்டு அரசுகளுக்கும் தாராள மனசு. தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் ‘சக்தி’ என்ற பெயரில் அதே இலவசம். ஆனால் ஓசூர்ப் பெண் வேலைக்காக எல்லை தாண்டினால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் இறங்கிக் கர்நாடக வண்டி ஏறினால், இலவசத்துக்கு அந்த மாநில முகவரி வேண்டும். இரண்டு அரசும் இலவசமாக ஏற்றுகிற பெண்களில், சரியாக வேலைக்குப் போகிற இவள் மட்டும் இல்லை.

மெட்ரோ வரும் என்றார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்தும் விட்டது. அங்கிருந்து ஓசூருக்கு இருபது கிலோமீட்டர்தான். ஆனால் பெங்களூரு மெட்ரோ ஓடுவது 750 வோல்ட்டில். அதை ஓசூர் வரை நீட்டத் தமிழ்நாடு தீட்டிய திட்டமோ 25,000 வோல்ட். சேராது என்று பெங்களூரு மெட்ரோக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தொழில்வரியில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு வோல்ட்டேஜைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளத் தோன்றவில்லை.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்களுக்கு அருளினார். அவர் கட்டிய கம்பெனி பெங்களூரின் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. விடியுமுன் ஓசூரில் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, இரவு வீடு திரும்புகிறவனுக்கு அந்த 70 எப்போதோ ஆகிவிட்டது ஐயா. பஸ்ஸில் கழிந்த மணிகளுக்குச் சம்பளம் போடுவது அந்த மாநிலமா, இந்த மாநிலமா?