அழிச்சுட்டேன் சார்!

செக் இன்ஜின் விளக்கு எரிவது நம் வண்டியில். பிரகாசமாவது நம் அபார்ட்மென்ட்காரர் ஒருவர் முகம். பார்க்கிங்கில் நாம் டேஷ்போர்டைக் கொஞ்சம் கூடுதலாக முறைத்தால் போதும், ஏதோ ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து வந்துவிடுவார். "என்ன சார், மஞ்ச லைட்டா?" விசாரிப்பது துக்கம், குரல் கல்யாண வீட்டுக் குரல்.

சட்டைப் பையில் புளூடூத் டாங்கிள் தயாராக இருக்கும். நம்மைக் கேட்காமலே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு, பதினாறு பின் சாக்கெட்டைத் தடவிக் கண்டுபிடிப்பார். கூடவே சரித்திர வகுப்பும் நடக்கும். "வண்டியே தன் பழுதைக் கண்டுபிடிச்சுச் சொல்ற ஓபிடி இருக்கே, நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல ஓபிடி ஒண்ணு வந்துச்சு, 2013 ஏப்ரல்ல ரெண்டு. உங்க வண்டி 2014 மாடல். தப்பிச்சீங்க." எதிலிருந்து தப்பித்தோம் என்று கேட்கக் கூடாது. சரித்திரம் 1996 அமெரிக்காவிலிருந்து மறுபடி தொடங்கும்.

போனில் பழுதின் கோடு நம்பர் வரும். பி0171. "லீன் சார், காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி." இதுவரை எல்லாம் சரி. காற்று எப்படி ஜாஸ்தியானது? வேக்குவம் ஹோஸ் வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு ஏறியிருக்கலாம். பத்து வயது தாண்டிய வண்டியில் மூன்றும் நடக்கும். கோடு வண்டியின் புகாரைச் சொல்லும், அவ்வளவுதான். காரணத்தை மெக்கானிக்தான் பானெட்டைத் திறந்து தேட வேண்டும். நம்மவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கட்டை விரலால் ஒரு தட்டு. விளக்கு அணையும்.

"அழிச்சுட்டேன் சார்!"

உலகத்தில் எந்த டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இத்தனை திருப்தியோடு வெளியே வந்திருக்க மாட்டார்.

விளக்கு மறுபடி எரியும். அவர் அசர மாட்டார். "இது வேற லைட் சார். அதைத்தான் அன்னிக்கே அழிச்சாச்சே!" அதே கோடுதானே என்று காட்டினால், "நம்பர் அதுதான், பிரச்சினை புதுசு" என்பார். மறுபடி ஒரு தட்டு. அதற்கடுத்த முறை எரியும்போது சிகிச்சையில் முன்னேற்றமே கண்டுவிடுவார். "முன்னாடி மறுநாளே வந்துச்சு, இப்ப ரெண்டு மூணு நாள் தாங்குது பாருங்க!" பல கோளாறுகளில், அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே பழுதைக் கண்ட பிறகுதான் கம்ப்யூட்டர் விளக்கை ஏற்றும். நாம் வண்டியை எடுக்காத சனி, ஞாயிறையும் அவர் தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

எத்தனை விளக்கு அணைத்தார் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். எத்தனை வண்டி சரியானது என்று கேட்டுப் பாருங்கள், மேட்டூர் அணை நீர்மட்டத்துக்குப் பேச்சு போய்விடும்.

நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு பேட்டரி படுத்துவிட்டால் லுங்கியோடு ஜம்பர் கேபிள் எடுத்துக்கொண்டு இறங்கி வருவது அவர் ஒருவர்தான். காபிகூட வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விளக்கு எரிந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை சூட்டில் இருந்தது, எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான். அந்தக் கட்டை விரல் கோடோடு சேர்த்து அதையும் துடைத்துவிடுகிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "யார் சார் அழிச்சது?" என்று நம்மைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறார். பழுதை மறுபடி வரவழைக்க அவர் ஊர் சுற்றும் நேரத்துக்குக் கூலி கொடுப்பது நாம்.

பி பிளாக் டீச்சர் வண்டியில் விளக்கு சிமிட்டியது. சிமிட்டினால் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தீர்த்துவிடும். இவர் ஒரு தட்டு தட்டி, "தைரியமா போங்க மேடம்" என்று தாம்பரத்துக்கு அனுப்பி வைத்தார். ஓர் இக்னிஷன் காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கன்வெர்ட்டர் வரைக்கும் போனது. கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நான் பாத்து முடிச்சப்ப லைட் எரியலையே!"

இதில் சிரிக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை.

ஆகவே, அவர் டாங்கிளைச் செருகினால் தடுக்காதீர்கள், மனசு உடைந்துவிடுவார். கோடு வந்ததும் உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டை விரல் எழும்புவதற்குள் டாங்கிளைப் பிடுங்கி, நன்றி சொல்லி, அவர் பையிலேயே போட்டுவிடுங்கள். விளக்கு நின்று எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் போங்கள். சிமிட்டினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். கோடை அழிக்கும் உரிமை பழுதைச் சரி செய்தவருக்கு மட்டும்தான்.