மொட்டைமாடி வெப்பமானியியல்: ஐந்து நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவ்வாறே இந்நூலின் எல்லை: வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே ஏசியின் வெளிப்பெட்டி, கிழக்கே துணிக்கொடி, மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர். நுதலிய பொருள்: வீட்டு வெப்பமானியும் அதன் சுற்றமும். கேட்போர்: சென்னை நுங்கம்பாக்கத்து வெப்பநிலையைச் செய்தியில் கேட்டவுடன் ‘நம்ம ஏரியாவுல இதைவிட ஜாஸ்தி’ என்று சொல்லும் அனைவரும். பயன்: இனி அதை எண்ணோடு சொல்வது.

எதிராளி லேசுப்பட்டவர் அல்லர். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது 1792இல்; நாடு முழுமைக்குமான வானிலைத் துறை தோன்றியதே 1875இல்தான். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்று தன் தெருவில் 48 என்று கருவியின் துணையின்றியே கண்டறிந்தவர் பலர். அவர்களுக்குக் கருவி தேடித் தருவதே இந்நூல்.

நூற்பா 1: புள்ளிக்குப் பின்வரும் இலக்கம் அழகுக்கு, முன்வருவதும் சிலபோது அதற்கே.

என்பது, திரையில் 36.7 என்று ஒளிர்வதனால் அந்த 7 உண்மையாகிவிடாது என்றவாறு. எத்தனை நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது வேறு, எத்தனை சரியாக அளக்கிறது என்பது வேறு. மலிவான ஈரப்பத மீட்டர்களில் அடிக்கடி காணப்படும் டி.எச்.டி. 11 என்னும் உணரி இரண்டு டிகிரி வரை கூடலாம், குறையலாம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். ஒயரின் முனையில் எஃகுக் குப்பியோடு வரும் டி.எஸ். 18பி20க்கு அது அரை டிகிரி. எஸ்.எச்.டி. 31 போன்றவை இன்னும் நேர்மையானவை. ஆனால் பெட்டியின் மேல் உணரியின் பெயர் அநேகமாக இராது. ஒரு குடும்பம் புன்னகைத்துக்கொண்டிருக்கும். துல்லியம் எவ்வளவு என்று எங்குமே அச்சிடாத கருவிக்கு இரண்டு டிகிரிப் பிழை என்று வைத்துக்கொள்க. சிறிய எழுத்தில் போட்டிருப்பது கருவி. பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெட்டி.

கண்ணாடிக் குழல் ஆகாதோ எனின், ஆகும். பாதரசத்தை 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை ஓரங்கட்டிவிட்டதால் இப்போது சிவப்புச் சாயமிட்ட ஆல்கஹாலே பெரும்பாலும் கிடைக்கிறது. பேட்டரி வேண்டாம், ஆனால் வாங்கும்போது சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைக்கும் கருவியாக இருத்தல் அவசியம். உச்சம் வரும் பிற்பகலில் அலுவலகத்திலும், தாழ்வு வரும் விடியலில் உறக்கத்திலும் இருப்பதே வாசகரின் இயல்பு ஆகலான்.

அளவுகோல் பற்றி ஒரு சொல். ஸ்வீடனைச் சேர்ந்த செல்சியஸ் 1742இல் வகுத்த அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் காலத்துக்குப் பின்தான் அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. திருப்பாமல் விட்டிருந்தால் சென்னையின் 45, 55 ஆகியிருக்கும். வேலூரும் கரூர் பரமத்தியும் எண் குறையக் குறையப் பெருமைப்பட்டிருக்கும். ‘சதம் அடித்தது வெயில்’ என்ற தலைப்பு இதனாலும் பிழைக்கவில்லை; அதை இன்றுவரை காப்பாற்றிவருவது பாரன்ஹீட்.

நூற்பா 2: வெயிலில் வைத்த வெப்பமானி தன்னையே அளக்கும்.

என்பது, நமக்கு வேண்டியது காற்றின் வெப்பம். வெயில் படும் கருவி சொல்வதோ தான் எவ்வளவு காய்ந்தேன் என்ற சொந்தக் கதை என்றவாறு. இதனை நன்குணர்ந்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர். நாற்புறமும் இரட்டைச் சட்டங்கள் சரிவாக அடித்து வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்றைச் செய்து, வெயில் நுழையாமல் காற்று மட்டும் நுழைய வழி வகுத்தார். அவருடைய மகன் ‘புதையல் தீவு’ என்ற நாவலை எழுதினார். உலகம் மகனை நினைவில் வைத்திருக்கிறது. உலகின் வானிலை நிலையங்கள் தந்தையை வைத்திருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் கருவி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், புல்தரைக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. நம் எல்லைக்குள் புல் இல்லை. தட்டு ஓடு இருக்கிறது. அது பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். ஆகவே தளத்தின் மேல் கருவியைக் கிடத்துவதும், கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதும், ஏசி மூச்சுவிடும் திசையில் வைப்பதும் குற்றம். குற்றமாயினும், பெரிய எண் வேண்டுவோர்க்கு இவையே குணம் என்பர் ஒரு சாரார்.

வடக்குச் சுவரில் மாட்டினால் வெயில் படாது என்று இங்கிலாந்துக் கையேடுகள் சொல்லும். அது இங்கிலாந்துக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அதாவது கத்திரி வெயில் முழுவதும் வடக்குச் சுவரின் மேல்தான் விழும். எந்த நாளில் அளப்பதற்காக வாங்கினோமோ, சரியாக அந்த நாளில் அந்த இடம் கைவிடும்.

எனவே நிழலைச் சுவரிடம் கேட்கக் கூடாது. கருவியோடு கூடவே கட்டி அனுப்ப வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஏழெட்டு வாங்குக. மேல் தட்டை விட்டுவிட்டு மற்றவற்றின் நடுவில் உணரி நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டுக. எல்லாவற்றையும் கவிழ்த்து, மூன்று மரைக் கம்பிகளில் கோத்து, தட்டுக்கும் தட்டுக்கும் இடையே பழைய பேனாக் குழாயை நறுக்கிய துண்டுகளைச் செருகி, நட்டு போட்டு முடுக்குக. நடுவே உணரி தொங்கட்டும். கீழே கொசுவலைத் துண்டு ஒன்று கட்டவில்லையெனில், சில வாரங்களில் உள்ளே குளவி மண்கூடு கட்டி, கூட்டுக்குள் என்ன வெப்பம் என்பதைத் துல்லியமாகத் தெரிவிக்கும். தட்டு மஞ்சளித்தால் மாற்றுக. அமெரிக்காவின் டேவிஸ் போன்ற நிறுவனங்கள் இதே தட்டடுக்குக்குள் சிறு மின்விசிறியும் வைத்து விற்கின்றன; காற்றில்லாத பகலில் அது இன்னும் நல்லது, பர்ஸுக்கு அல்ல.

நூற்பா 3: ஐஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

என்பது, கருவியை நம்புவதற்கு முன் ஒருமுறை சோதிக்க என்றவாறு. பிளாஸ்கில் பொடித்த ஐஸை நிரப்பி, இடுக்குகளை மூடும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்குக. நீர் புகாத உணரியின் முனையைச் சுவரில் படாமல் நடுவில் நிறுத்திச் சில நிமிடம் காத்திருக்க. 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் கருவியைத் திட்டாமல், காட்டும் எண்ணிலிருந்து 0.8ஐக் கழித்துக்கொள்க. தப்பு எவ்வளவு என்று தெரிந்த கருவி, தெரியாத கருவியைவிட மேல்.

சென்னையில் 0 எதற்கு, 40இல் அல்லவா பிழை தெரிய வேண்டும் எனின், நல்ல வினா. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது. அந்த நெருக்கத்தில் அதைவிடத் துல்லியமான கருவியை இவ்விலைக்கு யாரும் தரமாட்டார்கள். வெந்நீரைப் பதமாக விளாவி இரண்டையும் அருகருகே பிடிக்க. தண்ணீருக்குக் காய்ச்சல் 104 என்றால் நம் கருவி 40 காட்ட வேண்டும்.

ஈரப்பதத்துக்கும் வழியுண்டு. பாட்டில் மூடியில் சமையலறை உப்பைச் சேறுபோல நனைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். காலையில் 64 என்று காட்டும் மீட்டர், சென்னையின் புழுக்கத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கத் தகுதியற்றது.

நூற்பா 4: மழைக்கு நேர்ச்சுவர் போதும்.

என்பது, மழைமானியின் வாய் எவ்வளவு அகலமாயினும் பாத்திரத்தின் பக்கங்கள் நேராக இருந்தால், உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையளவு என்றவாறு. அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தின் முன் ஒரு முழ வாயுள்ள கலத்தை மழையளக்க வைக்கச் சொல்கிறது. பஞ்சாங்கமோ, மழை வருவதற்கு முன்பே அதை மரக்காலில் அளந்து முடித்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வாசகருக்கு ஏற்றது எவர்சில்வர் டப்பாவும் ஸ்கேலும். வாளி கூடாது, அதன் வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் மழையை மிகைப்படுத்தும்.

விலைகொடுத்து வாங்கும் நிலையங்களில் சீசாப் பலகைபோல் ஏறி இறங்கும் சிறு குவளைகள் இருக்கும். ஒரு சாய்வுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் என்று எண்ணும். தூறலுக்குச் சமத்து; வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சாயும் நேரத்தில் விழும் நீரைக் கணக்கில் விட்டுவிட்டுக் குறைத்துச் சொல்லும். டப்பா விடாது. பக்கத்துச் சுவரோ தொட்டியோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இருமடங்கு தள்ளி வைத்து, காலை 8.30க்கு அளக்க. வானிலைத் துறை நாளை முடிப்பதும் அந்நேரத்தில்தான்.

நூற்பா 5: அளந்தபின் வாதிடுவோர் சிலர், வாதிட அளப்போர் பலர்.

என்பது, ஒழிபு. செல்போனே வெப்பம் காட்டுகிறதே, கருவி எதற்கு எனின், அது உங்கள் தெருவில் அளந்தது அன்று. கணினி கட்டம் கட்டமாகப் போட்ட கணக்கு. இனி விலை. சில நூறு ரூபாய்க்கு ஒயர் முனை உணரியுள்ள மீட்டர், அதே அளவில் தட்டுகள், சமையலறையில் உள்ள ஐஸ், உப்பு, டப்பா: இவ்வளவே போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வைஃபை நிலையம் வாங்குவோர் வாங்குக. ஆனால் நிழலுக்குச் செலவழிக்காமல் கருவிக்குச் செலவழிப்பது, தப்பான எண்ணை மேகக் கணினியில் பத்திரமாகச் சேமிப்பதற்கு ஒப்பாகும்.

வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. மேற்சொன்ன விதிகளின்படி வைத்த கருவி, பெரும்பாலான நாட்களில் நுங்கம்பாக்கத்தோடோ மீனம்பாக்கத்தோடோ ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போய்விடும். இது பலருக்குத் தாங்க முடியாத இழப்பு. கொஞ்சம் ஆறுதல், கடற்காற்று எந்த நேரத்தில் உங்கள் தெருவை எட்டுகிறது என்பது தெரியும்: ஏறிக்கொண்டே போன வெப்பம் சட்டென்று நின்று சரியும், ஈரப்பதம் எகிறும். அக்காற்று பெசன்ட் நகருக்கு முன்னதாகவும் பூந்தமல்லிக்குப் பின்னதாகவும் வரும்.

உண்மையில் தெருவுக்குத் தெரு மாறுவது மழை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய அந்த ஒருநாள் மழையில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. ஒரே நகரம், இருபது சென்டிமீட்டர் வித்தியாசம். சதுர மீட்டருக்கு இருநூறு லிட்டர். ‘நம்ம ஏரியாவுல ஜாஸ்தி’ என்ற கூற்றுக்கு இதைவிட வலுவான சான்று எந்த வெப்பமானியும் தராது. அதைத் தரும் கருவியோ சமையலறையில் துவரம்பருப்பு தாங்கி நிற்கிறது. ஆயினும் வீட்டு வானிலை ஆர்வலர் கடைக்குப் போய்க் கேட்பது வெப்பமானியையே. ஆகவே தீர்ப்பு: வெப்பமானியை வாங்கி நிழலில் மாட்டுக, டப்பாவை வெளியே வைக்க, பருப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுக.