காதாலேயே இன்ஜினை இறக்குபவர்

பழைய புல்லட் ஒன்று டீக்கடை வாசலில் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அவர் வந்துவிடுவார். கையை உயர்த்திச் சுற்றியிருப்பவர்களின் பேச்சை நிறுத்துவார். பஜ்ஜி போடுகிறவரையும் ஒரு பார்வை பார்ப்பார், எண்ணெய் கொஞ்சம் மெதுவாகக் கொதிக்கட்டும் என்பதுபோல. பிறகு கழுத்தை இன்ஜின் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடுவார். அந்தக் கண்மூடல்தான் அவருடைய மொத்த வித்தையும். புருவம் லேசாக நெறியும், உதடு குவியும், மோவாய் இன்ஜினின் துடிப்புக்கு ஏற்ப ஆடும். கச்சேரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட ராகத்தின் பெயரைச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். இவர் அதற்குள் கண்ணைத் திறந்து தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "பிக் எண்ட் போச்சு தம்பி. இன்ஜினை இறக்கணும்." எந்த லேத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் கூடவே வரும்.

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே கேட்கிறது. சத்தத்தை மட்டும் கேட்டு நோயின் பெயரைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைதான் தவறு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. ஒரே சிலிண்டர், தனியாக ஒரு கியர்பாக்ஸ், வால்வைத் தள்ள நீளமான புஷ்ராடுகள். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே பத்துவிதச் சத்தம் போடும் வண்டி இது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டனுக்கு இடம் தாராளம், இரண்டு பக்கமும் தட்டும். சூடேறியதும் இடைவெளி குறைந்து சத்தமும் அடங்கும். பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடம், பழுதானால் வரும் சத்தம் இதற்கு நேர் எதிர். சூடேறி ஆயில் இளகினால் அது அதிகமாகும்; மேடேறும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கனத்துக் கேட்கும். ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டுவது சத்தத்தின் நயம் அல்ல, அது வரும் நேரம். அந்த நேரத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. காலையில் வருகிறதா, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகு வருகிறதா, தனியாகப் போகும்போதா, பின்னால் மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போதா? எதுவும் கிடையாது.

கண்ணை மூடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கண்ணால் பார்க்க வேண்டிய சத்தங்கள் ஏராளம். டாப்பெட் தளர்ந்தால் வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு 'டிக்' வரும். அதாவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு டிக். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் அதே தாளம்தான், ஏனென்றால் புகையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெளியேறுகிறது. எவ்வளவு கூர்மையான காதாக இருந்தாலும் இதில் ஏமாறும். கசிவு இருந்தால் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும், ஆனால் கண் மூடியிருக்கிறதே! டூல்பாக்ஸ் மூடியின் திருகு கழன்று, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கடகடவென்று ஆடுவதும் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நடக்கும். அதற்கும் பிக் எண்ட்தான்.

"அந்தக் காலத்து மெக்கானிக்குகள் காதால் கேட்டே கண்டுபிடிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். கண்டுபிடித்தார்கள், இன்றும் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களுடைய கையைக் கொஞ்சம் கவனியுங்கள். நியூட்ரலில் கிளட்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். சத்தம் மாறினால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கமோ கிளட்ச் பக்கமோ இருக்கும். நீள ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினின் ஒவ்வொரு இடத்திலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். மட்கார்டை அழுத்திப் பிடிப்பார்கள். டாப்பெட்மேல் சந்தேகம் வந்தால் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கம்ப்ரஷனில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பக்க மூடியைக் கழற்றி, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். அது தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. மேடேறும்போது மணி குலுக்கியதுபோல் கேட்டால், இன்ஜினைத் தொடுவதற்கு முன் பெட்ரோலையும் டைமிங்கையும் விசாரிப்பார்கள். காது அங்கே கடைசி சாட்சி, அதுவும் பலமுறை குறுக்கு விசாரணை செய்யப்பட்ட சாட்சி. நம்மவரின் நீதிமன்றத்தில் சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே.

இன்னொரு சமாதானம்: "பாவம், காசா கேட்கிறார்? ஆர்வத்தில் சொல்கிறார்." அந்த ஆர்வத்தை நானும் மதிக்கிறேன். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் ஒவ்வொரு வருட மாடலும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வலதுகாலில் கியர் போட்ட காலத்தை அவர் சொல்லக் கேட்பதே ஒரு சுகம். 2009-ல் அதே கம்பெனியிலிருந்து வந்த கிளாசிக் மாடலில் ஹைட்ராலிக் டாப்பெட் வைத்து, சரிபார்க்கும் வேலையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அந்த வண்டிகளின் பக்கத்திலும் அவர் கண்ணை மூடித்தான் நிற்கிறார். ஆனால் திறக்கும்போது முகத்தில் ஒரு வெறுமை. "சத்தமே இல்லியே, இதெல்லாம் ஒரு வண்டியா?" என்கிறார். அந்த நேரத்தில் அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

ஆனால் ஓசியில் கொடுக்கிறார் என்பதற்காக அந்த ஆலோசனைக்குச் செலவே இல்லை என்று ஆகிவிடாது. பிக் எண்டைத் தொட வேண்டுமானால் இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்க வேண்டும், கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும், கிராங்கை லேத்துக்கு அனுப்பிப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்துச் சேர்த்து, நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னச் சம்பளக்காரனுக்கு அது ஒரு மாதக் கணக்கையே குலைக்கும் வேலை. இத்தனைக்கும் டீக்கடை வாசலில் வண்டியோடு நின்ற பையன் ஆரம்பத்திலேயே சொல்ல வந்தான்: "அண்ணே, காலையில மட்டும்தான் வருது, கொஞ்ச தூரம் போனா நின்னுடுது..." முழு விடையும் அதிலேயே இருந்தது. பிஸ்டன் தட்டுகிறது, அவ்வளவுதான். சூடேறும்வரை நிதானமாக ஓட்டினால் இன்னும் வெகுகாலம் ஓடும். தினமும் அந்த வண்டியில் உட்கார்ந்து போகிறவனைவிட அதன் சத்தத்தை அறிந்தவர் யார்? ஆனால் அவர் கண்ணைத் திறக்காமலே "ஷ்ஷ்!" என்றார், பையனும் வாயை மூடிக்கொண்டான். இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பெரியவர் என்ற மரியாதையில் ஒருவன் வாயடைத்து நிற்பதைத் தன் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது வெறும் அராஜகம். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த பிறகு, அதுவரை காய்ந்திருந்த கேஸ் இணைப்பில் ஆயில் கசியத் தொடங்கும். பையன் காட்டினால், அதற்கும் அவரிடம் பதில் தயார்: "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும் தம்பி."