கசந்தாப் போதுமால, காய்ச்சல் போயிருமா?

வால மருமவனே, உக்காரு. கையில என்ன, செம்பு நிறைய நிலவேம்பா? மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் சம்பளத்தோட கொசுக்கடியும் சேத்து வாங்கிட்டு வந்திருக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கித் தூக்கிப் போடுது. நீ என்னடான்னா கோமதியம்மன் கோயில் புத்துமண்ண நெத்தியில பூசிட்டு சங்கரன்கோயிலுக்கே வைத்தியம் சொல்லுத. பூசு, நானுந்தான் பூசுதேன். ஆத்தா ரத்தம் குத்திப் பாக்க மாட்டாள்லா?

நிலவேம்புச் சத்து மலேரியாக் கிருமிய மட்டுப்படுத்துதுன்னு ஆய்வுக்கூடத்துக் குப்பியில வச்சுப் பாத்திருக்கான். குப்பியிலன்னேன். நீ என்ன குப்பியா?

"கொயினாவும் மரப்பட்டைதான மாமா"ம்ப. ஆமால. அந்தப் பட்டையத் தார பெரு நாட்டு சிங்கோனா மரத்தத் தேடி 1860-ல மார்க்கம் துரை போனான். ஊட்டியில வளத்து ஆளாக்குனவன் மெக்கைவர் துரை. கெட்டிக்காரப் பய. மரத்த வெட்டாம, பட்டையப் பட்டி பட்டியா உரிச்சிட்டு, அந்த இடத்துல ஈரப்பாசிய வச்சுக் கட்டிருவான். புதுப்பட்டை வளரும், சத்தும் கூடுதலா இருக்கும். நடுவட்டத்துல ஃபாக்டரியே போட்டாங்க. எல்லாம் எதுக்கு? ஒரு மரத்துல இருக்க சத்து அடுத்த மரத்துல இருக்காது, பிரிச்சு அளந்தாத்தான் மருந்து. உன் செம்புக்கு எவன் அளவு போட்டான்?

சீனாக்காரி தூ யூயூ கதை தெரியுமா? காய்ச்சலுக்குன்னு பழைய ஏட்டுல இருந்த ஒரு பச்சிலையச் சோதிச்சா, ஒரு தடவை கேட்டுது, மறுதடவை கேக்கல. அந்தம்மா ஏட்டத் திரும்பப் படிச்சா. தண்ணியில ஊறவச்சுப் பிழின்னுதான் இருக்கு, காய்ச்சுன்னு இல்ல. சூடுதான் சத்தக் கெடுக்குன்னு பிடிச்சிக்கிட்டு, 35 டிகிரியிலயே கொதிக்கிற ஈதர்ல சாறு இறக்குனா, 1971-ல. அதுல கிடைச்சதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல நோபல் பரிசு குடுத்தாங்க. நீ முந்தாநாள் கஷாயத்த மூணாந்தடவையா அடுப்புல ஏத்துத!

கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்கு. விரல்ல குத்தி, கண்ணாடிச் சில்லுல தடவிப் பாப்பாங்க, காசு கிடையாது. வைவாக்ஸ் வகை மலேரியான்னா குளோரோகுயின் மூணு நாளு. ஈரல்ல கிருமி ஒளிஞ்சு கிடக்குமே, அதுக்கு பிரைமாகுயின் 14 நாளு. மூணாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்த எரவாணத்துல சொருகிட்டு பிரியாணிக் கடைக்கு ஓடுவ, உன்னத் தெரியாதா எனக்கு? காலி அட்டையக் கொண்டாந்து காட்டு, பிரியாணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். துட்டு உன்னுது.