பொறவாசல் படிக்கு வந்த யோகம்

ஏ மருமவனே, பொறவாசல் சிமெண்ட் படியை இடிக்கப் போறியாம்லா? படம் போட வந்த இன்ஜினியர் தம்பி அதைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாராம். "லுக்கு கெடுது சார்"னாராம். ஒங்க தாத்தா ஊத்துன படிலே அது. அதுல உக்காந்துதான் ஒங்க ஆச்சி மீன் அறுத்தா, வத்தல் காயப் போட்டா, நாலு தெருக் கதையும் பேசுனா. அப்பல்லாம் ஒரு பயலும் லுக்கைப் பத்திக் கேக்கலை. இப்ப போன்ல எவன் வீட்டு முத்தத்தையோ பாத்துட்ட. ஒன் வீட்டுப் படி அசிங்கமாப் போச்சு, என்ன?

சரி, இடி. யாரு வேண்டாம்னா? ஆனா அதோட கனம் தெரியுமா ஒனக்கு? நாலடி அகலம், மூணு படி, ஒவ்வொண்ணும் ஆறங்குல உயரம், ஓரடி மிதி. முழுக்க கான்கிரீட்டுன்னா 12 கன அடி வரும். ஒரு கன அடி ஏறக்குறைய 68 கிலோ. ஆக 800 கிலோவுக்கு மேல. ஜிம்முக்கு மாசாமாசம் பணம் கட்டுதியே, அதை நிறுத்திட்டு இதைச் சொமக்கலாம்.

குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நாள் வேலைம்பாவ. அது பானைக்குச் சொன்னது. இங்க கணக்கு தலைகீழு. ஒங்க தாத்தா பலகை அடிச்சு, ஒரு காலையில ஊத்திட்டுக் கஞ்சி குடிக்கப் போயிட்டாரு. ஒடைக்க வாரவன்தான் வாடகை மிஷினோட நாள்கணக்கா நிப்பான்.

மொதல்ல சுத்தியலால தட்டிப் பாரு. பொள்ளலாக் கேட்டா உள்ள செங்கலும் மண்ணும் இருக்கும், லேசா வந்துரும். 'ணங்'குன்னா கான்கிரீட். பொறவு படியும் செவரும் சேருத எடத்தைக் குனிஞ்சு பாரு. கீறல் விட்டு விலகி நிக்கா? நல்லது. ஒட்டிக் கெடக்குன்னா கம்பி செவத்துக்குள்ள போயிருக்கலாம். அவசரப்பட்டு நெம்புனா செவத்துப் பூச்சும் கூடவே வரும். மூலையில இருந்து கொஞ்சங் கொஞ்சமாக் கொத்தணும். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கோ. போட்டோவுக்கு மாட்டுத கூலிங் கிளாஸ் இல்லலே, சில்லு தெறிச்சாத் தாங்குத கண்ணாடி.

இடிச்சாச்சு. பொறவு எப்படி எறங்குவ? அப்பாவுக்கு முட்டுவலி, சரிவு போடுதேன்னு சொன்னியாம். நல்ல புள்ள. ஓரங்குலம் ஏற ஓரடி ஓடணும், அதான் கணக்கு. ஒண்ணரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேணும். ஒன் பொறவாசல் மதில் வரைக்கும் பத்தடி. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் குடுப்பானா? அவன் வேலிய ஒரு சாண் தள்ளி நட்டதுக்கே கோர்ட்டுக்குப் போனவம்லா!

அப்ப இருக்க படியவே அழகாக்கலாமே. மேல கொத்து விட்டு, தூசியக் கழுவி, சிமெண்ட் பால் அடிச்சு, பொறவு பூசணும். கொத்தாமப் பூசுனா அடுத்த கோடையில பட்டை பட்டையா உரியும். அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கமா வாட்டம் குடு, தண்ணி செவத்துக்குப் போகாது. அந்தத் தம்பி பளபள கிரானைட்டு ஒட்டச் சொன்னாராமே. ஐப்பசி மழையில அதுல காலை வச்சுப் பாரு. மூணு படியும் மிதிக்க வேண்டாம், நேரா முருங்கை மூட்டுலதான் போயி நிப்ப. சொரசொரப்பான கல்லாப் போடு. கீழ்ப் படிய ஒரு பக்கமா நீட்டி விட்டா ரெண்டு பேரு உக்காரலாம், ஓரத்துல தொட்டியும் வைக்கலாம். அதைப் போட்டோ புடிச்சு எதுல வேணாப் போட்டுக்கோ.

இல்ல, இடிச்சே தீருவேன்னா மழைக்கு முந்தி இடி. இடிசலைக் கொண்டுபோயி வாறுகால்ல தட்டிராத, ஊரே ஏசும். எங்க தொழுவத்துல ஒரு பள்ளம் கெடக்கு, ரொம்ப நாளா நல்ல கல்லாத் தேடிக்கிட்டு இருக்கேன். அங்கன கொட்டிரு. வண்டிக்கூலி ஒன்னோடது.