பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் தம்பி

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தம்பி இப்படி இருக்கிறார். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் வயலைப் பார்க்கமாட்டார். கடைப் பலகைகளைத்தான் பார்ப்பார்.

'பாகூர்' என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்போம். "ஆறு" என்பார் தம்பி. ப, துணைக்கால், க, ஊகாரக் குறி, ர, புள்ளி: யூனிகோடில் ஒவ்வொன்றும் தனி ஆசாமியாம். வில்லியனூருக்குப் பதினொன்று. சரி, முதல் எழுத்து எது என்றால், "பூஜ்ஜியமாவதா, ஒன்றாவதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

அவர் கற்ற வித்தை ஒன்றுதான். இரண்டு சொற்களை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பது. ஒன்று பிசகினாலும் உறவு முறிந்தது. ஆங்கிலப் பெரிய ஏ-வுக்கு எண் 65, சின்ன ஏ-வுக்கு 97, இரண்டும் ஒன்றாகாது. (எங்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும் வரப்புத் தகராறில் இதைவிடத் தள்ளி நிற்கிறார்கள்.) ஒரு தடவை சி மொழியில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றையைப் போட்டுவிட்டார். ஒற்றைக் குறி ஒப்பிடாது. வலப்பக்கத்து எழுத்தை அப்படியே இடப்பக்கத்தில் குடிவைத்துவிடும். எதைக் கொடுத்தாலும் 'ஒன்றே' என்றது நிரல். மூன்று நாள் தம்பி அத்வைதியாகத் திரிந்தார்.

சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் தானமாயின என்கிறது பாகூர்ச் செப்பேடு. அதில் ஊர்ப் பெயர் 'வாகூர்'. ப-வின் எண் 2986, வ-வின் எண் 2997. தொடக்கமே பொருந்தவில்லை, தானம் வேறு யாருக்கோ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைசியில் தாத்தாவிடம் வந்தார். தாத்தாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சுக்காரர் காலத்தது. உகர ஓசைக்கு ஓ, யூ என இரண்டு எழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். போதாதென்று வாலில் ஓசையில்லாத ஈ ஒன்று. ஆக, முருகனுக்குப் பத்து எழுத்து. ஆதாரிலோ ஏழெழுத்து முருகன். நீளம் பார்க்காமல், பிசகிய இடத்தில் நிற்கவும் சொல்லாமல் ஓட்டியதில், இல்லாத எட்டாவது எழுத்தைத் தேடிப்போன நிரல் குப்புற விழுந்தது. திருத்தி ஓட்டினார். இரண்டாம் எழுத்திலேயே நின்று, 'வேறு வேறு' என்றது திரை.

"தாத்தா, இந்த ரெண்டும் ஒரே ஆளு இல்ல."

திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"இந்தா, மதியத்துக்கு எனக்கு ரெண்டு இலை போடு. பிரெஞ்சு முருகனும் சாப்புட வந்துட்டான்."