பாலைவன டிராக்டரின் நியாய விலை: ஓர் உதையியல் நோக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் பழைய டிராக்டருக்கு நியாய விலை எது என்பதை ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு வேறு வேலை இருப்பதே இதற்குக் காரணம். அக்குறையைப் போக்க இக்கட்டுரை முயல்கிறது. ஆய்வு எல்லை: ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனாயாவில் தொடங்கி, தைத் பக்கத்துப் பண்ணைகளான மஸ்ராக்கள் வழியாக, ராஸ் அல் கைமாவின் திக்தாகா வரை. திக்தாகாவில் 1955-இலேயே வேளாண் சோதனை நிலையம் வந்துவிட்டதால் கட்டுரைக்குத் தேவையான தொன்மை அங்கே கிடைத்தது. கருதுகோள்: விலை என்று ஒன்று உண்டு.

ஆய்வுப் பொருள், மாஸி பெர்குஸன் 135. 1964 இறுதியில் அறிமுகமானது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பிறப்பு. சென்னை டாஃபே புண்ணியத்தில் இந்த மாஸி குடும்பத்தை அறியாத தஞ்சாவூர்க்காரர் இருக்க மாட்டார்.

முதலில் வரலாற்று முறையைக் கையாண்டேன். 1965-இல் துபாயில் வாங்கிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். அன்று அங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அதற்குக் காலம் முடிந்தது, துபாய்க்கு கத்தார்-துபாய் ரியால் வந்தது, 1973-இல் திர்ஹாம். அன்றைய விலையை இந்த மூன்று நாணயங்களிலும் புரட்டி எடுத்து, 2018 முதல் நடப்பில் உள்ள 5 சதவீத வாட் வரியையும் சேர்த்து, பைசா சுத்தமாக ஒரு தொகையைக் கண்டடைந்தேன். விற்பவரிடம் அதைச் சொன்னேன். "பாய், அப்படின்னா 1965-லயே வந்திருக்கலாமே" என்றார். வரலாற்று முறை இத்துடன் கைவிடப்பட்டது.

ஏனைய கூறுகளைச் சுருக்கமாகக் காண்போம். எஞ்சின்: ஓடும், அல்லது ஓடாது. ஹவர் மீட்டர்: புனைவிலக்கியத்தின்பாற்படும், இவ்வாய்வில் இடமில்லை. பெயிண்ட்: சிவப்பு. ரேடியேட்டர் ஹோஸும் பேட்டரியும்கூடச் சிவப்பாக இருந்தால், அடித்தவர் அவசரத்தில் இருந்தார் என்பது பெறப்படும். 'ஆகிர்' எனப்படும் கடைசி விலை: ஒரு வண்டிக்கு நான்கைந்து உண்டு.

இனி உதை.

வாங்க வருபவர் எந்த நாட்டவரானாலும், வண்டியை நெருங்கியதும் பின் டயரை ஓர் உதை உதைக்கிறார். உதைத்துவிட்டுத் தலையசைக்கிறார். என்ன தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை (காண்க: சனாயா தேநீர்க்கடைச் சுவர், கரிக்கட்டைக் குறிப்பு, கல்லாவுக்கு மேல்). காலணி நோக்கில் இது சேஃப்டி ஷூ உதை, அரபிச் செருப்பு உதை, ஹவாய்ச் செருப்பு உதை என மூவகைப்படும். மூன்றாவதில் வலி உதைத்தவருக்கே திரும்புவதால் அது தன்வினை. முதலாளி தான் உதைக்காமல் ஃபோர்மேனை விட்டு உதைப்பிப்பது பிறவினை (மேலது, சுவருக்கு வெள்ளையடித்த பின் வந்த திருத்திய பதிப்பு).

டிராக்டரின் பின் டயரில் எடைக்காக முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பும் வழக்கம் உண்டு. தண்ணீர் உள்ள டயர் 'தொம்' என ஒலிக்கும். காற்று மட்டும் உள்ளது 'டங்' என ஒலிக்கும். முன்னதை மெல்லினம் என்று ஒரு பள்ளியும் வல்லினம் என்று மற்றொரு பள்ளியும் கால் நூற்றாண்டாக மோதி வருகின்றன (காண்க: கரையான் அரித்த ஏட்டின் அரிக்காத பகுதியை உரையாசிரியர் தொலைத்துவிட, தொலைக்கவில்லை என்று அவர் மாணவர் எழுதிய மறுப்புரை, மூன்றாம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அந்நூலை நான் பார்த்ததில்லை, மறுத்தவரும் பார்த்ததில்லை). இரண்டு ஒலியுமே வல்லினத்தில் தொடங்கி மெல்லினத்தில் முடிவதை இரு தரப்பும் கவனிக்கவில்லை. கவனித்தால் இரண்டு முனைவர் பட்டங்கள் வீணாகும். இதைத் தீர்க்கக் கூடிய கருத்தரங்கில் நான் ஷார்ஜாவிலிருந்து ஸூமில் எட்டிப் பார்த்ததால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு ஆயிற்று. பதிவுக் கட்டணம் கட்டிய அனைவருக்கும் சான்றிதழ், கைப்பை, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஒரு கட்டுரை. கட்டுரையை யாரும் படிக்கவில்லை. டிராக்டரை யாரும் பார்க்கவும் இல்லை.

களப்பணிக்கு உடன் வந்த பட்டுக்கோட்டை மெக்கானிக் தம்பிக்கு இந்த ஆய்வு மரபில் பயிற்சி இல்லை. "உதைச்சா டயரு என்னண்ணே சொல்லும்?" என்றபடி எஞ்சின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. ஆறிப்போன எஞ்சின் சட்டுனு பிடிக்காது போல." ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார், எண்ணெய்க்கு அடியில் கெட்டியாக மணல். டயரின் பக்கச் சுவரில் விரல் ஓட்டினார். பட்டன் நிறைய மிச்சமிருந்தும், வெயிலில் ரப்பர் வரிவரியாக வெடித்திருந்தது. கடைசியாகக் கலப்பையை மேலே தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கலப்பை மெல்ல மெல்லத் தரைக்கு வந்தது. "ஹைட்ராலிக் போச்சுண்ணே."

இந்த ஹைட்ராலிக் பேரில்தான் ஹாரி பெர்குஸன் ஃபோர்டு மீது வழக்குப் போட்டு, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனார். அவ்வழக்கில் எவரும் டயரை உதைத்ததாகத் தெரியவில்லை (மேலதற்கும் மேலது, பக்க எண் மீது கிரீஸ்).

முடிவுரை. விலையின் கீழ் எல்லை காயலான் கடைத் தராசு: சுமார் ஒன்றரை டன் இரும்பு, அன்றைய கிலோ விலை. மேல் எல்லைக்கு இரண்டு மாறிகள்: வாங்குபவரின் விதைப்பு எப்போது, விற்பவரின் ஊர் டிக்கெட் எப்போது. யாருடையது முந்துகிறதோ அவர் இறங்கி வருவார். மேற்கண்ட வண்டிக்கு, ஹைட்ராலிக் வேலையும் இரண்டு டயரும் கழித்து, மெக்கானிக் தம்பி சொன்ன தொகையே நியாய விலை. உதையியல் அதில் ஒரு திர்ஹாமைக்கூட மாற்றவில்லை.

வாங்கப் போகிறவர்கள் சூரியன் ஏறும் முன்பே மஸ்ராவுக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் போனால், பிளாக்கைச் சுட வைத்தது எஞ்சினா வெயிலா என்று அந்தத் தம்பியாலும் சொல்ல முடியாது.